தார் ரோட்டுக்கு ஒரு காத்து, தேரிக்கு ஒரு காத்து

என் ஹிமாலயன் பைக்கின் இரண்டு டயரிலும் ஒரு சின்ன வெள்ளைக்கோடு உண்டு. டயரின் ஓரத்தில் தொடங்கி ரிம்மின் மேல் போய் முடியும். பெயின்ட் மார்க்கரால் நானே போட்டது. தேரி என்கிற செம்மணல் மேடுகளுக்குள் போய்விட்டு வெளியே வந்ததும் வண்டியை நிறுத்தி முதலில் அந்தக் கோட்டைத்தான் குனிந்து பார்ப்பேன். டயரில் உள்ள பாதியும் ரிம்மில் உள்ள பாதியும் நேராகச் சேர்ந்திருந்தால் நிம்மதி. விலகியிருந்தால் டயர் ரிம்மின் மேல் நழுவியிருக்கிறது, உள்ளே டியூபும் கூடவே நழுவி வால்வை இழுத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். இது எதற்கு என்று கேட்காத ஆள் இல்லை. அதைச் சொல்லவேண்டுமென்றால் காற்றழுத்தத்தைப் பற்றியே முழுசாகச் சொல்லவேண்டியிருக்கிறது.

நான் காற்றாலைகளில் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். எங்கள் பக்கம் அதைக் காத்தாடி என்றுதான் சொல்வோம். கயத்தாறில் குடியிருக்கிறேன், வேலை சில நாள் இங்கேயே, சில நாள் பணகுடி, முப்பந்தல் பக்கம். ஒரே நாளில் நான்குவழிச் சாலை, கிராமத்துத் தார் ரோடு, காத்தாடியின் அடிவரைக்கும் போகிற சரளைப் பாதை என்று மூன்றிலும் ஓட்டவேண்டிவரும். ஐப்பசி பிறந்துவிட்டால் கரிசல் சேறும் சேர்ந்துகொள்ளும். ஞாயிற்றுக்கிழமை கிடைத்தால் திருச்செந்தூர் பக்கம் தேரிக்காட்டு மணல் தடங்களில் ஓட்டப் போவேன்.

வண்டி 2020-ல் வாங்கிய 411 சிசி ஹிமாலயன். பெட்ரோலோடு 199 கிலோ. முன் டயர் 90/90-21, பின் டயர் 120/90-17. கம்பி ரிம், இரண்டிலும் டியூப். நான் 74 கிலோ. பின்னால் கட்டியிருக்கும் கருவிப் பை 12 கிலோ. இதையெல்லாம் முதலிலேயே சொல்லக் காரணம் இருக்கிறது. கீழே நான் சொல்லப்போகும் எண்கள் எல்லாம் இந்த வண்டிக்கும் இந்த எடைக்கும் உரியவை. உங்கள் வண்டி வேறாக இருந்தால், உங்கள் எடை வேறாக இருந்தால், எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். எந்த இடத்தில் எதற்காக ஏற்றுகிறோம், எதற்காக இறக்குகிறோம் என்பதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு கேஜ்

வேறு எதுவும் வாங்குவதற்கு முன்னால் டயரின் காற்றழுத்தத்தை அளக்கச் சொந்தமாக ஒரு கேஜ் வாங்குங்கள். முள் காட்டுகிற வட்டக் கேஜே போதும். அதில் 0-லிருந்து 60 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்கிற அழுத்த அளவு) வரை உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். 150, 200 வரை காட்டும் கேஜில் 18-க்கும் 21-க்கும் உள்ள வித்தியாசம் முள்ளின் தடிமனுக்குள்ளேயே ஒளிந்துவிடும். மண் பாதைக்கு நமக்குத் தேவைப்படுவதே அந்த 2, 3 பிஎஸ்ஐ வித்தியாசம்தான்.

ஒரு பெட்ரோல் பங்கில் மூன்று மாதம் தொடர்ந்து காற்று பிடித்துக்கொண்டிருந்தேன். அந்த மெஷின் 32 என்று காட்டும், நானும் 32 என்றே நம்பினேன். கேஜ் வாங்கி வீட்டில் வைத்துப் பார்த்த முதல் நாள் பின் டயரில் 26 இருந்தது. வேறு இரண்டு பேரின் கேஜை வாங்கிப் பார்த்தேன், அவையும் 26-ஐ ஒட்டியே காட்டின. அதற்குள் பின் டயரில் நடுப்பகுதியைவிட இரண்டு ஓரமும் அதிகமாகத் தேய்ந்திருந்தது. வளைவில் வண்டி லேசாக நெளிவதை நான் செயின் கோளாறு என்று நினைத்து இரண்டு முறை செயினை இறுக்கியிருந்தேன். அதனால்தான் சொல்கிறேன். எல்லா இடத்திலும் ஒரே கேஜில் பாருங்கள். உங்கள் கேஜ் 1 பிஎஸ்ஐ கூடவோ குறையவோ காட்டினாலும் பரவாயில்லை, தினமும் அதே அளவு தப்பாகக் காட்டினால் உங்கள் கணக்கு கெடாது.

காலையில், வண்டி நகர்வதற்கு முன்னால் பார்ப்பதுதான் உண்மையான அழுத்தம். கையேட்டில் போட்டிருக்கும் எண்ணும் ஆறிய டயருக்கான எண்தான். என் வண்டிக்குத் தனியாக ஓட்டினால் முன்னால் 25, பின்னால் 32. சித்திரை வெயிலில் நான்குவழிச் சாலையில் 60 கிலோமீட்டர் போய் நிறுத்திப் பார்த்தால் பின் டயர் 36, 37 காட்டும். பதறிப்போய் அதை 32-க்கு இறக்கிவிடக் கூடாது. சூட்டில் ஏறிய காற்று ஆறினால் தானே இறங்கிவிடும். சூட்டில் 32-க்கு இறக்கினால் மறுநாள் காலையில் 28 தான் இருக்கும்.

காற்றை இறக்கினால் என்ன நடக்கிறது

கணக்காகச் சொன்னால் எளிது. நானும் பையும் ஏறிய பிறகு என் பின் டயர் ஏறக்குறைய 160 கிலோ சுமக்கிறது. 32 பிஎஸ்ஐ என்பது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2.25 கிலோ. 160-ஐ 2.25-ஆல் வகுத்தால் 71 சதுர சென்டிமீட்டர். டயர் தரையைத் தொடும் இடம் தோராயமாக அவ்வளவுதான். உள்ளங்கையில் விரல்களை விட்டுவிட்டால் மிஞ்சுகிற அளவு. அதையே 20 பிஎஸ்ஐக்கு இறக்கினால் 114 சதுர சென்டிமீட்டர் ஆகிறது. டயரின் பக்கச் சுவரும் கொஞ்சம் எடையைத் தாங்குவதால் இது துல்லியமான கணக்கு இல்லை, ஆனால் போக்கு இதுதான். தடம் பெரும்பாலும் நீளவாக்கில்தான் கூடுகிறது. மணலில் அந்த நீளம்தான் புதையாமல் மிதக்க வைக்கிறது. சரளையில் டயர் கல்லின் மேல் துள்ளாமல் கல்லைச் சுற்றி அமுங்கிப் பிடித்துக்கொள்கிறது.

இதற்கு விலையும் கொடுக்கிறோம். அமுங்குகிற டயர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி விரிகிறது, அதில் சூடு ஏறுகிறது. மெதுவாக ஓட்டும்போது அந்தச் சூடு ஒன்றும் செய்யாது. வேகத்தில் அது டயரையே தின்றுவிடும். டயருக்கும் ரிம்முக்கும் நடுவில் உள்ள காற்று மெத்தை மெலிந்துவிடுவதால் கூரான கல் நேராக ரிம்மில் அடிக்கும். டியூப் வண்டிகளில் இன்னொன்றும் உண்டு. டயரின் ஓரத்தை ரிம்மோடு அழுத்திப் பிடித்துவைத்திருப்பதே உள்ளே உள்ள காற்றுதான். அது குறைந்தால் பிடி தளர்ந்து, ரிம் சுற்ற டயர் பின்தங்குகிறது. மண்ணுக்கென்றே செய்த டர்ட் பைக்குகளில் ரிம்லாக் என்று ஒரு கட்டை டயரை ரிம்மோடு கவ்விப் பிடித்திருக்கும். அதனால் அவர்கள் 12, 13-க்கெல்லாம் இறக்கலாம். நம் வண்டியில் அது இல்லை. அவர்கள் சொல்கிற எண் நமக்கு ஆகாது.

இது எனக்கு எப்படித் தெரிந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதல் வருஷம் தேரியில் முன்சக்கரம் புதைந்துகொண்டே இருக்கிறதே என்று இரண்டு டயரையும் 12-க்கு இறக்கினேன். அருமையாக ஓடியது. அரைமணி நேரம் அப்படி மிதந்துபோனதில் எனக்கு ஒரே சந்தோஷம். ஒரு மேட்டில் ஆக்ஸிலேட்டரை முறுக்கியதும் பின்னால் ஒரு சீறல். பத்தடி போவதற்குள் டயர் தட்டை. வால்வு அடியோடு பிய்ந்து ரிம்முக்குள்ளே போயிருந்தது. அது ஒட்டுப் போடக்கூடிய ஓட்டையே இல்லை, மாற்று டியூபும் கையில் இல்லை. 199 கிலோ வண்டியைச் செம்மணலில் இரண்டு கிலோமீட்டர் தள்ளினேன். முதல் கியரில் விட்டுப் பக்கத்தில் நடந்தபடி தள்ளியும் ஒன்றரை மணி நேரம் ஆனது. பிறகு பனையேறும் ஒருவர் தனக்குத் தெரிந்த குட்டி யானை லோடு வண்டிக்காரரை வரவழைத்து உடன்குடிக்கு ஏற்றிவிட்டார்.

உடன்குடியில் பஞ்சர் கடை வைத்திருந்த அண்ணாச்சி பழைய டியூபை வெளியே எடுத்து என்னிடம் காட்டினார். "தம்பி, இந்த நட்ட ரிம்மோட சேத்து முறுக்கியிருக்கீங்க பாருங்க. டயர் நவுந்தா வால்வு எங்க போவும்?" வால்வுத் தண்டில் ஒரு சின்ன நட்டு வரும். நாம் எல்லோரும் அதை ரிம்மில் உட்காரும்வரை இறுக்கிவிடுகிறோம். அவர் அதைத் தளர்த்தி மேலே கொண்டுபோய் வால்வு மூடியோடு சேர்த்துவைத்தார். இப்படி விட்டால் டியூப் கொஞ்சம் நகர்ந்தாலும் வால்வு சாய இடம் இருக்கும், சாய்ந்திருப்பது கண்ணுக்கும் தெரியும். வெள்ளைக்கோடு போடும் யோசனையும் அவருடையதுதான். பேச்சு முடியும்போது பக்கத்துக் கடையிலிருந்து கருப்பட்டிக் காப்பி வரவழைத்துக் கொடுத்தார். அந்தக் கடையில் இருந்த ஒரு மணி நேரத்தில் நான் கற்றுக்கொண்டது கொஞ்சமில்லை.

கோடு ஒரு விரல் அகலம்வரை விலகினால் அடுத்த வசதியான இடத்தில் சரிசெய்தால் போதும். அதற்கு மேல் என்றால் அங்கேயே நிறுத்துங்கள். காற்றை முழுக்க விட்டு, டயரின் ஓரத்தை ரிம்மிலிருந்து மிதித்து விடுவித்து, கோடு சேரும்வரை டயரைத் திருப்பி, மறுபடி காற்றடிக்கவேண்டும். இருபது நிமிஷ வேலை. அதற்குச் சோம்பல்பட்டால் நான் தள்ளிய மாதிரி நீங்களும் தள்ளவேண்டிவரும்.

பாதைக்கு ஏற்ற எண்

தார் ரோட்டில் எனக்கு முன்னால் 25, பின்னால் 32. இனி வரும் ஜோடி எண்களும் இதே வரிசைதான். இதில் பேச்சே கிடையாது. ஆனி, ஆடி மாதங்களில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று முப்பந்தல் பக்கம் வண்டியைப் பக்கவாட்டில் தள்ளும். அந்த நாட்களில் முன் டயர் 22-க்குக் கீழே இருந்தால் வண்டி ரோட்டில் அலைவதைக் கைப்பிடியிலேயே உணரலாம். மனைவி பின்னால் உட்கார்ந்தால் பின் டயரில் 34 வைக்கிறேன்.

காத்தாடிகளுக்குப் போகும் சரளைப் பாதையில் 22, 27. என் ஓட்டத்தில் பாதிக்கு மேல் இதில்தான். 25, 32-லேயே போனாலும் போய்விடலாம், ஆனால் உருண்டைச் சரளையில் முன்சக்கரம் தனக்கென்று ஒரு புத்தி வைத்துக்கொண்டு ஓடும், பிரேக் பிடித்தால் நிற்கும் தூரம் கூடும். 3 பிஎஸ்ஐ இறக்கியதும் அந்த நடுக்கம் தணிந்துவிடும். 60 கிலோமீட்டர் வேகத்துக்குள் இதே காற்றோடு இடையில் வரும் தார் ரோட்டிலும் ஓட்டிவிடலாம். அதனால் நாள் முழுக்கக் காத்தாடிகளுக்கு நடுவிலேயே வேலை என்றால் காலையிலேயே 22, 27 வைத்துவிட்டுக் கிளம்புகிறேன். வழியில் நிறுத்தி இறக்கி ஏற்றிக்கொண்டிருப்பதில்லை.

பாறைப் பாதையில்தான் பலர் தப்பு செய்கிறார்கள். மண் ரோடு என்றாலே இறக்கவேண்டும் என்று ஒரு பேச்சு இருக்கிறது. பணகுடிக்கு மேற்கே மலையடிவாரத்தில் உடைத்த கல் பரப்பிய ஒரு தடம் உண்டு. கல் ஒவ்வொன்றும் தேங்காய் அளவு, ஓரம் கத்தி மாதிரி. அங்கே நான் 24, 30 தான் வைக்கிறேன், வேகத்தைக் குறைக்கிறேன். கல்லில் உங்கள் ரிம்மையும் டியூபையும் காப்பாற்றுவது காற்றுதான். பிடிப்பு போதவில்லை என்றால் இன்னும் மெதுவாகப் போங்கள், காற்றை இறக்காதீர்கள்.

கரிசல் சேற்றைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மழை விட்ட அன்று கரிசலில் எந்த அழுத்தமும் வேலைக்கு ஆகாது. மண் டயரில் அப்பி, அதன் ரப்பர்ப் பட்டன்களை மூடி, முன்னால் கீழ் மட்கார்டுக்குள் அடைத்துச் சக்கரத்தையே நிறுத்திவிடும். ஒருநாள் வெயில் அடித்து மேல்தோல் காயட்டும். வேலை அவசரம் என்றால் வண்டியைத் தார் ரோட்டோரமே நிறுத்திவிட்டு நடந்துபோகிறேன். அடியில் கெட்டித் தரை இருந்து மேலே மட்டும் இரண்டு விரல் சேறு இருக்கும் பாதை என்றால் சரளைக்கு வைத்த 22, 27-ஐயே விட்டுவிடுங்கள். டயர் சேற்றை வெட்டிக்கொண்டு கெட்டித் தரையைத் தொடவேண்டும், மேலே மிதக்கக் கூடாது.

தேரி

தேரிக்குக் கொஞ்சம் நிதானமாகச் சொல்லவேண்டும். கயத்தாறிலிருந்து திருநெல்வேலி வழியாகத் தேரிக்குடியிருப்பு சுமார் 80 கிலோமீட்டர். பனைகளும் உடைமரங்களும் முந்திரியும் நிற்கிற செம்மணல் மேடுகள். அதில் ஒரு பகுதி வனத்துறையின் காப்புக்காடு. அதற்குள் வண்டி விடக் கூடாது. ஊர்க்காரர்கள் போய்வருகிற வண்டித் தடங்களே நமக்குத் தாராளம். மேட்டின் மேல் சுற்றிச் சுற்றி ஓட்டி மணலைக் கிளறிவிடுவது நம்மை அங்கே விட்டுவைத்திருக்கிற ஊருக்கு நாம் செய்கிற தீங்கு.

ஒரே தடம் ஒவ்வொரு மாதமும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். சித்திரை, வைகாசியில் மணல் காய்ந்து தண்ணீர் மாதிரி ஓடும், கால் கணுக்கால்வரை போகும். அப்போது 16, 18. இதற்குக் கீழே நான் போவதே இல்லை. கார்த்திகையில் மழை விழுந்து மணல் இறுகியிருக்கும்போது 20, 24 போதும். மார்கழி விடிகாலையில் பனி ஈரம் இருக்கும்வரை 20, 24-ல் போய், பத்து மணிக்கு மேல் மணல் உலர்ந்து இளகியதும் இன்னும் 3 இறக்குவேன். அதனால் தேரிக்கு என்ன காத்து என்று கேட்டால் இறங்கி மிதித்துப் பாருங்கள் என்றுதான் சொல்வேன். குதிகாலால் ஒரு மிதி மிதியுங்கள். ஷூவின் அடிப்பாகம் மட்டும் பதிந்தால் 20, 24. ஷூவே மூழ்கினால் 16, 18.

இறக்கும்போது ஒரு கணக்கை மறக்கக் கூடாது. 80 கிலோமீட்டர் ஓடி வந்த டயர் சூடாக இருக்கும். காலையில் 32 இருந்த பின் டயர் இப்போது 36 காட்டும். அந்தச் சூட்டோடு 20-க்கு இறக்கினால், ஆறிய பிறகு அது 17 தான். நான் வந்ததும் முதலில் வண்டியை நிழலில் நிறுத்தி, டீ குடித்து, இருபது நிமிஷம் கழித்துத்தான் வால்வைத் தொடுவேன். பொறுமை இல்லாத நாளில் நினைத்த எண்ணைவிட 2, 3 கூடுதலாக விட்டு நிறுத்திக்கொள்வேன்.

இறக்குவது எப்படி என்றும் கேட்கிறார்கள். மூடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போடுங்கள், மணலில் வைக்காதீர்கள். வால்வு முள்ளைச் சின்ன ஸ்க்ரூடிரைவரின் நுனியால் அழுத்தி மனசுக்குள் எண்ணுங்கள். என் பின் டயரில் பத்து எண்ணினால் ஏறக்குறைய 5 பிஎஸ்ஐ இறங்கும். முன் டயர் ஒல்லி, உள்ளே காற்று குறைவு, அதில் அதே பத்துக்கு இன்னும் கொஞ்சம் வேகமாக இறங்கும். உங்கள் வண்டிக்கு ஒருமுறை வீட்டிலேயே எண்ணிப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் கேஜ் வைத்துச் சரிபார்ப்பது இரண்டு முறையோடு முடிந்துவிடும். ஒவ்வொரு முறை கேஜை வைத்து எடுக்கும்போதும் கொஞ்சம் காற்று போகும், வால்வுக்குள் மணல் ஏறவும் அது ஒரு வழி.

இறக்கிய பிறகு வேகம் 50-ஐத் தாண்டவேண்டாம். முள்ளையும் நினைவில் வையுங்கள். உடைமுள் எந்த அழுத்தத்திலும் டியூபைத் துளைக்கும், காற்று குறைந்த டயர் தரையில் அதிக இடத்தைத் தொடுவதால் முள் மாட்டும் வாய்ப்பும் அதிகம். தடத்தின் ஓரத்தில் வெட்டிப் போட்ட முள் கிளைகளைக் கண்டால் மணலின் நடுவிலேயே போங்கள், கெட்டியான ஓரத்துக்கு ஆசைப்படாதீர்கள். முன்சக்கரத்துக்குப் பொருந்துவதாக ஒரு 21 அங்குல டியூப் எப்போதும் பையில் இருக்கிறது. அவசரத்துக்கு அதையே 17 அங்குலப் பின்சக்கரத்தில் மடித்துத் திணித்து ஊர் சேரலாம் என்பார்கள். நான் அதை நம்பவில்லை. பின்சக்கரத்துக்குத் தனியாக ஒரு டியூபும் சுமக்கிறேன்.

திருப்பி ஏற்றுவது

இறக்குவதில் எல்லோருக்கும் ஆர்வம். ஏற்றுவதில்தான் எல்லோரும் கோட்டைவிடுகிறோம். ஒருமுறை தேரியிலிருந்து 18, 20-ல் வெளியே வந்தேன். பம்பு இல்லை. திருநெல்வேலியில் பங்கில் பிடித்துக்கொள்ளலாம் என்று கிளம்பி, இருட்டிவிட்டதே என்ற அவசரத்தில் பிடிக்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன். வீட்டில் இறங்கி டயரைத் தொட்டேன், கையை வைக்க முடியவில்லை. மறுநாள் காலை அழைப்பு வந்ததும் அதே காற்றோடு பணகுடிக்கு ஓட்டினேன். அந்தத் தேங்காய்க் கல் தடத்தில் முன்சக்கரம் ஒரு கல்லில் நேராக மோதியது. டியூபில் அரை அங்குல இடைவெளியில் இணையாக இரண்டு கீறல். ரிம்மில் கட்டைவிரல் பதியும் அளவுக்கு ஒரு நசுங்கல், அது இன்றைக்கும் இருக்கிறது. டியூபைக் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவில் வைத்து நசுக்கினால் கீறல் இப்படித்தான் ஜோடியாக வரும். உங்கள் டியூபில் ஜோடிக் கீறலைக் கண்டால் ஆணியைத் தேடவேண்டாம், காற்று குறைவு என்று புரிந்துகொள்ளுங்கள்.

அன்றிலிருந்து ஒரு காலடிப் பம்பு இல்லாமல் நான் மணலுக்குப் போவதில்லை. பின் டயரை 18-லிருந்து 32-க்கு ஏற்ற எனக்கு 90-லிருந்து 100 மிதி ஆகிறது. முன்னால் அதில் பாதி. மொத்தம் பத்து நிமிஷம். பேட்டரியில் மாட்டுகிற சின்ன மின்பம்பும் நல்லதுதான். இன்ஜினை ஓடவிட்டு அடியுங்கள், இல்லையென்றால் பேட்டரி இறங்கிப்போய் மணலில் நிற்பீர்கள். எனக்குக் காலடிப் பம்புதான் பிடித்திருக்கிறது, அதில் ஃபியூஸ் போகாது. தார் ரோடு தொடங்கும் இடத்தில், கடைசிப் பனையின் நிழலில் வண்டியை நிறுத்தி மிதித்துவிட்டுத்தான் அடுத்த அடி. வீட்டுக்கு வந்ததும் கம்பி ஒவ்வொன்றையும் ஸ்பானரால் தட்டிப் பார்க்கிறேன். கணீர் என்று கேட்டால் சரி. தொளதொளவென்று கேட்கிற கம்பி தளர்ந்திருக்கிறது.

மலையேறும்போது

கொடைக்கானல் போகிறவர்கள் மேலே போனால் டயரில் காற்று ஏறிவிடுமா என்று கேட்பதுண்டு. வத்தலக்குண்டில் காலையில் 25 வைத்து, 2,133 மீட்டர் உயரத்தில் கொடைக்கானலில் மறுநாள் காலை பார்த்திருக்கிறேன், மறுபடி ஏறக்குறைய 25 தான். மேலே வெளிக்காற்றின் அழுத்தம் குறைவு என்பதால் கேஜ் 2, 3 பிஎஸ்ஐ கூடக் காட்டவேண்டும். ஆனால் கீழே 33 டிகிரி, மேலே விடிகாலை 12 டிகிரி. குளிரில் உள்ளே உள்ள காற்று சுருங்கி ஏறக்குறைய அதே 2, 3-ஐத் திருப்பி எடுத்துக்கொள்கிறது. ஆகவே மலைக்கென்று தனியாக எதையும் மாற்றவேண்டாம். மேலே தங்கினால் முதல் நாள் காலை ஒருமுறை பாருங்கள், இறங்கி வந்ததும் ஒருமுறை பாருங்கள். லடாக் மாதிரி 3,500 மீட்டருக்கு மேல் போகிறவர்கள் தினமும் காலையில் பார்க்கவேண்டும். அங்கே ஒரே நாளில் வெயிலும் குளிரும் உயரமும் சேர்ந்து மாறும்.

உங்கள் எண்ணைக் கண்டுபிடிக்க

ட்யூப்லெஸ் டயர் உள்ளவர்களுக்கு வால்வு பிய்கிற பயம் இல்லை. ஆனால் மிகக் குறைத்தால் கல்லில் அடிபட்டோ பக்கவாட்டு அழுத்தத்திலோ டயரின் ஓரம் ரிம்மை விட்டு விலகி, இருந்த காற்று மொத்தமும் ஒரே நொடியில் போய்விடும். காலடிப் பம்பால் அதைத் திரும்ப ரிம்மில் உட்காரவைப்பது மிகக் கஷ்டம். ஹீரோ எக்ஸ்பல்ஸ் பைக் மாதிரி என் வண்டியைவிட 40 கிலோ குறைவான வண்டி என்றால், எல்லா மண் பாதையிலும் என் எண்ணுக்கு 2 பிஎஸ்ஐ குறைவாகத் தொடங்கிப் பார்க்கலாம். ஓட்டுகிறவர் 90 கிலோ என்றால் அந்த 2-ஐத் திருப்பிக் கூட்டிக்கொள்ளுங்கள்.

ஒரு முழுக் காலைப் பொழுதை இதற்காக ஒதுக்குங்கள். நீங்கள் அடிக்கடி போகிற மண் பாதையில் இரண்டு கிலோமீட்டர் தேர்ந்தெடுங்கள். அதில் ஒரு வளைவும், ஒரு ஏற்றமும், பிரேக் பிடித்துப் பார்க்க ஒரு நேர்த்தடமும் இருக்கட்டும். கையேட்டு அளவில் ஒருமுறை ஓட்டுங்கள். முன்னும் பின்னும் 2 இறக்கி அதே வேகத்தில் மறுபடி ஓட்டுங்கள். அப்புறம் இன்னும் 2. ஏதோ ஒரு சுற்றில் கைப்பிடியில் இருந்த நடுக்கம் நின்று வண்டி பாதையில் உட்கார்ந்த மாதிரி இருக்கும். அடுத்த சுற்றில், அல்லது அதற்கும் அடுத்ததில், வளைவில் வண்டி குழைவதையோ கல்லில் ரிம் டங்கென்று அடிபடுவதையோ உணர்வீர்கள். அங்கே நிறுத்துங்கள். அந்தச் சத்தம் கேட்ட அளவுக்கு மேலே 4 பிஎஸ்ஐ கூட்டிச் சின்ன நோட்டில் எழுதுங்கள். பாதையின் பெயர், மாதம், வண்டியில் இருந்த சுமை, மூன்றையும் சேர்த்து எழுதுங்கள். என் நோட்டில் தேரிக்குடியிருப்புத் தடத்துக்கு மட்டும் பதினொரு வரி இருக்கிறது, ஒவ்வொன்றிலும் எண் வேறு.